நான்கு கை மாறிய வி.எம்.வேர்

உலகத்தின் சர்வர்களைத் தாங்கி நிற்கும் ஒரு மென்பொருள் வளர்ந்த கதை. அந்த வளர்ச்சிக்கு இன்று விலை கொடுப்பவர்களின் கதை

2008 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. ஆஸ்திரேலியாவிலும் ஆசியாவின் கிழக்கு ஓரத்திலும் நள்ளிரவு தாண்டித் தேதி மாறியது. சர்வர்களைக் கவனிக்கும் நிர்வாகிகள் அணைத்து வைத்திருந்த கணினிகளை மறுபடி இயக்கப் பார்த்தார்கள். ஒன்றும் எழவில்லை. என்ன கோளாறு என்று பதிவேட்டைத் திறந்தால், இந்த மென்பொருள் காலாவதியாகிவிட்டது, தேதியைச் சரிபார்க்கவும் என்று ஒரு வரி. காசு கொடுத்து, முறையாக உரிமம் வாங்கிய மென்பொருள் அது. ஓடிக்கொண்டிருந்தவை ஓடின. நின்றதை மட்டும் எழுப்ப முடியவில்லை. ஒரு சர்வரில் ஓடுவதை இன்னொன்றுக்கு நகர்த்தவும் முடியவில்லை. பொழுது மேற்கே போகப் போக, அதே தடங்கல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

சோதனைப் பதிப்புக்காக எழுதப்பட்ட ஒரு காலக்கெடு, ஈ.எஸ்.எக்ஸ் 3.5 மென்பொருளின் இரண்டாம் திருத்தத்தில் நீக்கப்படாமலேயே விற்பனைக்குப் போயிருந்தது. சர்வரின் கடிகாரத்தை ஆகஸ்ட் 10-க்குத் திருப்பி வையுங்கள் என்பதுதான் திருத்தம் வந்துசேரும் வரை கிடைத்த வைத்தியம். பதவியேற்று ஐந்து வாரமே ஆகியிருந்த தலைமை நிர்வாகி பால் மரிட்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

மென்பொருளின் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. ஆனால் கடைக் கல்லாவும் கம்பெனிச் சம்பளப் பட்டியலும் ஓடும் கணினிகளுக்கு அடியில், அந்த ஒரே கம்பெனியின் சரக்கு எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்று அன்றைக்கு உலகம் பார்த்தது. கம்பெனி, அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில் பிறந்த வி.எம்.வேர். அப்போது அதற்கு வயது பத்து. இப்போது அது தனிக் கம்பெனியாகவே இல்லை. 2023 நவம்பரில் 6,900 கோடி டாலருக்குப் பிராட்காம் வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் தகவல் தொழில்நுட்பத் துறையில் அன்றிலிருந்து ஓயாத பேச்சு.

ஸ்டான்ஃபோர்டில் தூசி தட்டிய யோசனை

ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டுவது வி.எம்.வேர் கண்டுபிடித்த விஷயமில்லை. 1960-களின் பிற்பகுதியிலேயே ஐ.பி.எம். தன் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து பார்த்தது, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கும் தந்தது. அன்றைக்கு ஒரு கணினியின் விலையில் ஒரு கட்டடமே கட்டலாம். அதைப் பலர் பங்குபோட வேண்டிய தேவை இருந்தது. பிறகு சின்னக் கணினிகள் மலிவாக வந்ததும், ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளலாமே என்று உலகம் அந்த யோசனையைப் பரணில் போட்டுவிட்டது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெண்டல் ரோசன்ப்ளமும் அவருடைய மாணவர்களான எட்வார்ட் பூன்யோன், ஸ்காட் டிவைனும் சேர்ந்து அதை மறுபடி கையில் எடுத்தார்கள். 'டிஸ்கோ' என்று பெயரிட்ட அவர்களுடைய ஆய்வு 1997-இல் வெளியானது. அடுத்த ஆண்டே இந்த மூவருடன் எட்வர்ட் வாங்கும் ரோசன்ப்ளமின் மனைவி டயான் கிரீனும் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். கிரீன் எம்.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்பு படித்தவர், பாய்மரப் படகுப் போட்டிகளில் கலந்துகொண்டவர், பிறகு பெர்க்லியில் கணினி அறிவியல் படித்தவர். ஏற்கெனவே ஒரு கம்பெனியைத் தொடங்கி மைக்ரோசாஃப்டுக்கு விற்ற அனுபவமும் இருந்தது. தலைமை நிர்வாகி அவர்தான்.

அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை சாதாரணமானதில்லை. உலகத்தின் பெரும்பாலான கணினிகளில் இருந்த இன்டெல் வகைச் சிப்புகள் இந்தப் பங்கீட்டுக்கு ஒத்துவராதவை என்பதே அன்றைய நிபுணர்களின் முடிவு. அந்தச் சிப்புக்குத் தரப்படும் கட்டளைகளில் 17, மேற்பார்வை செய்யும் மென்பொருளின் கண்ணில் படாமலே நழுவிவிடக் கூடியவை. விண்டோஸ் போன்ற ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் தான்தான் சிப்புக்கு எஜமான் என்று நம்பி அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டால், பக்கத்தில் ஓடும் மற்றவற்றின் கதி கலங்கிவிடும். வி.எம்.வேர் குழு, ஓடும் நிரலை ஓடும்போதே படித்து, அபாயமான கட்டளைகளை மட்டும் அந்தக் கணமே வேறு பாதுகாப்பான கட்டளைகளாக மாற்றி எழுதும் ஒரு முறையை உருவாக்கியது. அதுவும் பயனருக்கு வேகக் குறைவு தெரியாத அளவுக்கு. 1999-இல் வந்த 'வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன்' இந்த முறையில் எழுந்ததுதான். பத்தாண்டு கழித்து அந்தப் பொறியாளர்களுக்கு ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது. என்னைக் கேட்டால், இந்தக் கம்பெனியின் பின்னாளைய எல்லாக் கோடிகளையும்விட மதிக்கத்தக்க சாதனை அதுதான். இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் 2005, 2006-இல் இதற்கான வசதியைச் சிப்பிலேயே கொண்டுவந்தன, அதற்குள் வி.எம்.வேர் சந்தையைப் பிடித்துவிட்டது.

> பெட்டி: ஒன்றுக்குள் பல
>
> பழைய சென்னையின் ஒண்டுக்குடித்தன வீடு மாதிரிதான் இது. ஒரே கட்டடம், ஒரே கிணறு. உள்ளே ஏழெட்டுக் குடித்தனம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிச் சமையல், தனிப் பூட்டு. சர்வர் என்ற கட்டடத்துக்குள் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனக்கென ஆபரேட்டிங் சிஸ்டமும் நினைவகமும் வைத்துக்கொண்டு வாழ்கிறது. இவர்களுக்கிடையே இடத்தையும் நேரத்தையும் பங்கிட்டு, ஒருவர் மற்றவர் பகுதிக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். வி.எம்.வேரின் ஈ.எஸ்.எக்ஸ் ஒரு ஹைப்பர்வைசர். அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் நடத்தும் கிளவுட் சேவைகளிலும் அடித்தளம் இதே உத்திதான், மென்பொருள்தான் வேறு.

சர்வர் அறையின் ராத்திரிகள்

2000-களின் தொடக்கத்தில் ஒரு நடுத்தரக் கம்பெனியின் சர்வர் அறைக்குள் போனால் குளிரும் இரைச்சலும் முதலில் தாக்கும். பிறகு வரிசை வரிசையாக இரும்புப் பெட்டிகள். மின்னஞ்சலுக்கு ஒரு சர்வர், கணக்குக்கு ஒரு சர்வர், பிரிண்டருக்கு ஒன்று. ஒரு சர்வரில் இரண்டு மென்பொருளை ஓட்டினால் ஒன்றோடொன்று சண்டை போடும் என்ற பயம். அதனால் புதிய வேலைக்குப் புதிய பெட்டி. அவற்றில் பெரும்பாலானவை தங்கள் திறனில் கால் பங்குகூட வேலை செய்யவில்லை. ஆனால் மின்சாரம், ஏ.சி., பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் முழுச் செலவு.

2001-இல் வந்த ஈ.எஸ்.எக்ஸ் சர்வர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. பத்துப் பெட்டிகளின் வேலையை ஒரே பெட்டியில் அடக்கலாம். 2003-இல் வந்த 'வி-மோஷன்' இன்னொரு படி மேலே போனது. ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை, நிறுத்தாமலே, பயனர் யாருக்கும் தெரியாமலே, இன்னொரு சர்வருக்கு நகர்த்தும் வசதி. அதை முதல்முறை பார்த்த நிர்வாகிகளுக்கு அது மாயவித்தை. காரணம் எளிமையானது. அதுவரை ஒரு சர்வரில் மெமரி மாற்ற வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆபீசில் படுக்க வேண்டும். இப்போது பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த வேலையை முடிக்கலாம். வி.எம்.வேருக்கு உலகம் முழுக்கக் கிடைத்த விசுவாசத்துக்கு இதுதான் அடிப்படை. மேலதிகாரிக்கு மின் கட்டணம் குறைந்தது. கீழே உழைப்பவனுக்குத் தூக்கம் கிடைத்தது. விற்பனைப் பேச்சால் வளர்ந்த கம்பெனிகள் பல உண்டு. இது பயன்படுத்தியவர்களின் நன்றியால் வளர்ந்தது.

சென்னை, கோவை, பெங்களூரு ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளில் 'விஎம்வேர் அட்மின்' என்பது ஒரு வேலைப் பெயராகவே நிலைத்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் சர்வர்களை இங்கிருந்து ஷிஃப்ட் போட்டுக் கவனிக்கும் பிள்ளைகள் வி.சி.பி. சான்றிதழ்த் தேர்வு எழுதித்தான் அடுத்த சம்பள உயர்வைக் கேட்டார்கள். பெங்களூரு, அமெரிக்காவுக்கு வெளியே வி.எம்.வேரின் பெரிய மையங்களில் ஒன்றாக வளர்ந்தது.

முதல் கைமாற்றமும் ஒரு வெளியேற்றமும்

2003 டிசம்பரில், சேமிப்புக் கருவிகள் விற்கும் ஈ.எம்.சி., வி.எம்.வேரை 63.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. கிரீன் ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றார்: கம்பெனி தனித்தே இயங்க வேண்டும். எச்.பி., ஐ.பி.எம்., டெல் மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி. மூன்றின் சர்வர்களிலும் வி.எம்.வேர் ஓடியது. யார் பக்கமும் சாயாத கம்பெனி என்ற நம்பிக்கை போனால் வியாபாரமே போய்விடும். ஈ.எம்.சி. அதை ஏற்றது.

2007 ஆகஸ்ட் 14 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் வி.எம்.வேர் பங்கு 29 டாலருக்கு வெளியிடப்பட்டு அன்று மாலையே 51 டாலரில் முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் 63.5 கோடிக்கு வாங்கிய கம்பெனியின் மதிப்பு சுமார் 1,900 கோடி டாலர். இன்டெல்லும் சிஸ்கோவும் பங்குதாரர்களாக உள்ளே வந்தன.

பதினோரு மாதம்தான். 2008 ஜூலை 8 அன்று கிரீனை நிர்வாகக் குழு பதவியிலிருந்து நீக்கியது. அதே நாளில், அந்த ஆண்டின் வருவாய் வளர்ச்சி முன்பு சொன்ன 50 சதவீதத்தைவிடச் சற்றுக் குறையலாம் என்றும் அறிவித்தது. ஐம்பதுக்குச் சற்றுக் கீழே! பங்கு ஒரே நாளில் கால் பங்கு வீழ்ந்தது. இரண்டு வாரத்துக்கு முன்தான் மைக்ரோசாஃப்ட் தன் போட்டி மென்பொருளான ஹைப்பர்-வி-யை வெளியிட்டிருந்தது. மைக்ரோசாஃப்டில் பல ஆண்டு இருந்த மரிட்ஸை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். ரோசன்ப்ளம் அதே ஆண்டில் விலகினார். கிரீன் பின்னர் கூகுளின் கிளவுட் பிரிவுக்குத் தலைமை தாங்கினார்.

உருவாக்கியவர்கள் போன பிறகும் கம்பெனி வளர்ந்தது, உண்மைதான். 2007-இல் 133 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய், 2023 பிப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் 1,335 கோடி. ஆனால் இந்தக் கம்பெனி யாருக்காக நடக்கிறது என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதப்பட்டுவிட்டது.

கிளவுட் வந்தபோது

வேடிக்கை பார்த்திருக்க வேண்டிய கம்பெனி இல்லை இது. 2006 ஆகஸ்டில் அமேசான் தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியபோது அதற்கு அடியில் ஓடியது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவச ஹைப்பர்வைசரான சென். அடுத்த ஆண்டு லினக்ஸுக்குள்ளேயே கே.வி.எம். வந்து சேர்ந்தது. கம்பெனிகளின் சொந்த சர்வர் அறைகளில் ராஜாவாக இருந்த வி.எம்.வேர், வாடகைக் கணினி உலகத்தில் கால் பதிக்கத் தவித்தது. 2013-இல் சொந்தமாக ஒரு கிளவுட் தொடங்கியது. 2017-இல் அதைப் பிரான்சின் ஓ.வி.எச். கம்பெனிக்கு விற்றது. அதற்கு முந்தைய ஆண்டே அமேசானுடன் கைகோத்து, அமேசானின் தரவு மையங்களில் தன் மென்பொருளை ஓட்ட ஒப்பந்தம் போட்டிருந்தது.

ஒரு முதலீடு மட்டும் கச்சிதமாகப் பலித்தது. 2012-இல் 126 கோடி டாலர் கொடுத்து நிசிரா என்ற சிறு கம்பெனியை வாங்கினார்கள். சர்வரை மென்பொருளாக மாற்றியதுபோல நெட்வொர்க்கையும் மென்பொருளாக மாற்றும் வித்தை அதனிடம் இருந்தது. சர்வர், சேமிப்பு, நெட்வொர்க் மூன்றையும் ஒரே கம்பெனியின் மென்பொருள் ஆளத் தொடங்கியது அதன் பிறகுதான். வாடிக்கையாளருக்கு வசதி. வெளியேற நினைத்தால் மூன்றையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும்.

டெல்லின் கடன்

2016 செப்டம்பரில் ஈ.எம்.சி.யை டெல் வாங்கி முடித்தது. சுமார் 6,700 கோடி டாலர் என்று அறிவிக்கப்பட்ட அந்தப் பேரத்தில், வி.எம்.வேரின் பெரும்பான்மைப் பங்கும் டெல்லிடம் வந்தது. டெல்லுக்கு மலைபோலக் கடன். வி.எம்.வேரிடம் பணம் இருந்தது. 2018-இல் 1,100 கோடி டாலர், 2021-இல் 1,150 கோடி டாலர் என இரண்டு முறை சிறப்பு ஈவுத்தொகை கொடுக்கச் செய்தார்கள்; பெரும்பகுதி டெல்லுக்கே போனது. இரண்டாவதற்காக வி.எம்.வேர் கடன் வாங்கியது. 2021 நவம்பரில் டெல் அதைத் தனியே பிரித்துவிட்டது. சுதந்திரம் கிடைத்த ஏழாவது மாதம், 2022 மே 26 அன்று, பிராட்காம் கதவைத் தட்டியது.

> பெட்டி: கை மாறிய வரிசை
>
> 1998 – பாலோ ஆல்ட்டோவில் ஐந்து பேர் தொடங்கினார்கள்
> 2004 – ஈ.எம்.சி. (63.5 கோடி டாலர்)
> 2016 – ஈ.எம்.சி.யுடன் சேர்த்து டெல்
> 2021 – டெல்லிலிருந்து பிரிந்து தனிக் கம்பெனி
> 2023 – பிராட்காம் (கடனும் சேர்த்து 6,900 கோடி டாலர்)

பிராட்காம் வந்த பிறகு

பிராட்காமின் தலைவர் ஹாக் டான், மலேசியாவின் பினாங்கில் பிறந்து, உதவித்தொகையில் எம்.ஐ.டி.க்குப் போனவர். சிப் கம்பெனிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கியே பிராட்காமை எழுப்பியவர். 2018-இல் சி.ஏ. டெக்னாலஜிஸ், 2019-இல் சைமன்டெக்கின் கம்பெனிகளுக்கான பிரிவு என்று மென்பொருள் பக்கமும் வந்தார். அவர் வழி தெளிவானது: விட்டுப் போக முடியாத பெரிய வாடிக்கையாளர்களைக் கவனி, செலவைக் குறை, லாபம் தராததைக் கழற்றிவிடு. இதை அவர் மறைத்ததுமில்லை. ஐரோப்பிய ஆணையமும் பிரிட்டனும் அனுமதி தந்து, கடைசியாகச் சீனாவும் தலையசைத்தபின், 2023 நவம்பர் 22 அன்று பேரம் முடிந்தது.

அடுத்த மூன்றே வாரத்தில் அறிவிப்பு வந்தது. நிரந்தர உரிமம் இனி விற்பனைக்கு இல்லை, எல்லாம் சந்தா. தனித்தனியாக விற்ற ஏராளமான பொருள்கள் ஒரு சில பெரிய தொகுப்புகளுக்குள் போயின. ஹைப்பர்வைசர் மட்டும் போதும் என்பவரும் கூடவே வருகிறதையெல்லாம் வாங்க வேண்டும். கட்டணம் சிப்பின் கோர் எண்ணிக்கைப்படி. ஒரு சிப்பில் எட்டு கோர் மட்டும் இருந்தாலும் பதினாறுக்குக் காசு. பல ஆண்டுகளாக விற்றுத் தந்த முகவர்களின் ஒப்பந்தங்கள் முடித்துவைக்கப்பட்டன. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே புதிய ஒப்பந்தம்.

பெரிய வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏ.டி. அண்ட் டி., 2024 ஆகஸ்டில் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. சுமார் 8,600 சர்வர்களில் 75,000 மெய்நிகர் கணினிகளை வி.எம்.வேரில் ஓட்டுவதாகவும், போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கான சேவைகளும் அவற்றில் அடக்கம் என்றும், ஏற்கெனவே ஒப்புக்கொண்டபடி பராமரிப்பை நீட்டிக்கப் பிராட்காம் மறுக்கிறது என்றும் அது சொன்னது. தன்னிடம் கேட்கப்பட்ட விலையுயர்வு 1,050 சதவீதம் என்றும் நீதிமன்ற ஆவணத்தில் காட்டியது. அந்த ஆண்டு நவம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. பிரிட்டனின் டெஸ்கோ 2025-இல் லண்டனில் வழக்குத் தொடுத்தது. 40,000 சர்வர் பணிகள், கடைகளின் கல்லாப்பெட்டி வரை, இந்த மென்பொருளை நம்பியிருப்பதாகச் சொல்லி 10 கோடி பவுண்டு கேட்டது.

எனக்கு இவற்றில் மிக முக்கியமாகப் படுவது நெதர்லாந்து வழக்கு. நாட்டின் சுமார் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள தேசம் அது. அணைகரைகளையும் கால்வாய்களையும் நெடுஞ்சாலைகளையும் காக்கும் அரசு அமைப்பின் பெயர் ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட். அதனிடம் நிரந்தர உரிமம் இருந்தது. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பழையபடி புதுப்பிக்க வழியில்லை, சந்தாவுக்கு வா என்ற நிலை வந்தது. அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜூனில் ஹேக் நகர நீதிமன்றம், அது வேறு மென்பொருளுக்கு மாறிக்கொள்ளும் வரை, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள், பிராட்காம் ஒத்துழைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கடலைத் தடுக்கும் வேலை செய்கிற ஓர் அமைப்பு, சர்வர் மென்பொருளுக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

வழக்குப் போடும் வசதி எல்லோருக்கும் இல்லை. நான்கைந்து சர்வர் வைத்திருக்கும் ஒரு பள்ளி, ஒரு நகராட்சி, ஒரு சிறு மருத்துவமனை இந்தப் புதிய கணக்கில் வெறும் கழிவு. அவர்கள் பட்ஜெட் ஆண்டுக்கு ஒருமுறை போடப்படுவது. நடுவில் பில் பல மடங்கானால் வேறு எதையோ வெட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். ஐரோப்பாவின் கிளவுட் கம்பெனிகளின் சங்கமான சிஸ்பே, ஐரோப்பிய ஆணையத்தின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டிவருகிறது.

பிராட்காம் சொல்வதையும் கேட்க வேண்டும். முழுத் தொகுப்பின் பட்டியல் விலையைக் கோர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 700 டாலரிலிருந்து 350 டாலராகக் குறைத்தோம். குழப்பமான பட்டியலை எளிமையாக்கினோம். சந்தா முறை இத்துறையில் எல்லோரும் போகும் வழி. பொது கிளவுடில் அளவில்லாமல் செலவழித்தவர்கள் சொந்தத் தரவு மையத்துக்குத் திரும்ப நாங்கள் வழிசெய்கிறோம் என்பது அவர்கள் வாதம். முழுத் தொகுப்பையும் உண்மையிலேயே பயன்படுத்தும் பெரிய வங்கிக்கு இது லாபமாகவும் இருக்கலாம். 2025 தொடக்கத்தில், மிகப் பெரிய 10,000 வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் அந்தத் தொகுப்பை வாங்கிவிட்டதாக டான் முதலீட்டாளர்களிடம் சொன்னார். பிராட்காமின் மென்பொருள் வருவாய் ஒரே நிதியாண்டில் 760 கோடி டாலரிலிருந்து 2,150 கோடியாக ஏறியது. பங்குதாரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இந்த லாபத்தின் ஒரு பகுதி, வாடிக்கையாளர் உடனே வெளியேற முடியாது என்பதிலிருந்து பிறக்கிறது. நல்ல பொருளுக்கு நல்ல விலை கேட்பது வியாபாரம். நிரந்தரம் என்று சொல்லி விற்றதைச் சுற்றியுள்ள எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு விலை கேட்பதை அதே பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

> பெட்டி: வாடிக்கையாளர் ஜெயித்த ஒரு தடவை
>
> 2011-இல் வி.எம்.வேர், மெய்நிகர் கணினிகளுக்கு ஒதுக்கும் நினைவகத்தின் அளவுக்கேற்ப உரிமக் கட்டணம் என்று ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. பயனர்கள் கொதித்தார்கள், அதற்கு 'நினைவக வரி' என்றே பெயர் வைத்தார்கள். 2012 ஆகஸ்டில், தலைமை நிர்வாகியாக வரவிருந்த பாட் கெல்சிங்கர், கம்பெனியின் ஆண்டு மாநாட்டு மேடையிலேயே அதைக் கைவிடுவதாக அறிவித்தார். அரங்கம் கைதட்டியது. அன்றைக்கு வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவார் என்ற பயம் கம்பெனிக்கு இருந்தது.

உள்ளே இருந்தவர்கள்

2023 தொடக்கத்தில் வி.எம்.வேரில் சுமார் 38,000 பேர் வேலை செய்தார்கள். வாங்குமுன் பிராட்காமில் 20,000 பேர். இரண்டையும் கூட்டினால் 58,000. ஓராண்டு கழித்துப் பிராட்காம் சொன்ன மொத்த எண்ணிக்கை 37,000. இடைவெளியில் ஒரு பகுதி, கே.கே.ஆர். முதலீட்டு நிறுவனத்துக்குச் சுமார் 400 கோடி டாலருக்கு விற்கப்பட்ட பிரிவோடு போனது. அது இப்போது ஆம்னிஸா என்ற தனிக் கம்பெனி. மற்றவர்களில் பெரும்பாலோர் வேலையிழந்தவர்கள் அல்லது தாமாக விலகியவர்கள். பாலோ ஆல்ட்டோவில் ஆமைகள் நீந்தும் குளத்தோடு, கல்லூரி வளாகம் மாதிரி கட்டப்பட்ட வி.எம்.வேரின் தலைமையகம் இப்போது பிராட்காமின் தலைமையகம்.

ஒரு மென்பொருளின் நுணுக்கங்களை இருபது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்தவர்கள் கலைந்து போனால், அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது. நள்ளிரவில் கோளாறு என்று உதவி கேட்கும் வாடிக்கையாளருக்கு மறுமுனையில் யார் பேசுகிறார்கள் என்பதில் அது தெரியும்.

திருடனுக்கும் வசதி

எல்லாம் ஒரே தளத்தில் நிற்பதன் இன்னொரு விளைவை 2023 பிப்ரவரியில் உலகம் பார்த்தது. ஈ.எஸ்.எக்ஸின் பிந்தைய வடிவமான ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. ஓடும் சர்வர்களைக் குறிவைத்த பணப்பறிப்பு வைரஸ் ஒன்று சில நாள்களில் ஆயிரக்கணக்கான சர்வர்களைப் பூட்டிவிட்டது. நுழைந்த ஓட்டைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திருத்தம் வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் லாஸ் வேகஸின் எம்.ஜி.எம். விடுதிகள் முடங்கியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட ஹைப்பர்வைசர்களைப் பூட்டிவிட்டதாகத் தாக்கியவர்களே அறிவித்தார்கள். ஒவ்வொரு கணினியாக உடைப்பதைவிட, அவற்றைத் தாங்கும் ஒரே ஹைப்பர்வைசரை உடைத்தால் முப்பது நாற்பது கணினிகள் ஒரே நேரத்தில் விழும்.

இந்த இடத்தில்தான் பராமரிப்பு ஒப்பந்தம் வெறும் பண விஷயமாக நிற்பதில்லை. சந்தா கட்டாத பழைய உரிமதாரர்களுக்கும் மிக அபாயமான ஓட்டைகளுக்கு மட்டும் திருத்தம் தருவதாக 2024 ஏப்ரலில் பிராட்காம் அறிவித்தது. நல்லது. அதற்குக் கீழ்நிலை ஓட்டைகளோடு அவர்கள் வாழ்ந்தாக வேண்டும்.

மாறுவது என்றால்

மாற்று இல்லாமல் இல்லை. கே.வி.எம். இலவசம், இன்று அமேசானின் புதிய தலைமுறை சர்வர்களும் அதன் வழிவந்த ஹைப்பர்வைசரில்தான் ஓடுகின்றன. அதன் மேல் எழுந்தவை வியன்னாவின் பிராக்ஸ்மாக்ஸ், ரெட் ஹாட்டின் ஓப்பன்ஷிஃப்ட், நூட்டானிக்ஸின் ஏ.எச்.வி. ஆகியவை. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி இன்னும் களத்தில் இருக்கிறது. வெளியேறும் வாடிக்கையாளர்களை வரவேற்பதில் முன்னிற்கும் நூட்டானிக்ஸின் தலைமை நிர்வாகி ராஜீவ் ராமசாமி, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், வி.எம்.வேரின் உயர் பொறுப்பில் இருந்தவர். 2020 டிசம்பரில் அவர் அங்கே போனபோது வி.எம்.வேர் வழக்கே போட்டது. ஆஸ்திரியாவின் அனெக்ஸியா என்ற கிளவுட் கம்பெனி 12,000 மெய்நிகர் கணினிகளை வி.எம்.வேரிலிருந்து கே.வி.எம்.முக்கு மாற்றி முடித்திருக்கிறது. ஆக, முடியும்.

ஆனால் கஷ்டம் ஹைப்பர்வைசரை மாற்றுவதில் இல்லை, அதைச் சுற்றி இருபது ஆண்டுகளாகக் கட்டியதை மாற்றுவதில் இருக்கிறது. பேக்கப் மென்பொருள் புதிய தளத்தோடு பேச வேண்டும். பிரபலமான வீம் மென்பொருள் பிராக்ஸ்மாக்ஸுக்கு ஆதரவு தந்ததே 2024-இல்தான். நெட்வொர்க் விதிகளை ஒவ்வொன்றாக மறுபடி எழுத வேண்டும். மருத்துவமனை மென்பொருளை விற்றவர், எங்கள் சரக்கு வி.எம்.வேரில் ஓடினால்தான் பொறுப்பேற்போம் என்பார். எல்லாவற்றுக்கும் மேல் ஆள் வேண்டும். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்து இந்த மாற்றங்களைச் செய்யப்போகிறவர்களுக்கு லினக்ஸும் கே.வி.எம்.மும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நேரம் வராது. விஎம்வேர் அட்மின் என்ற பட்டத்தோடு மட்டும் இருப்பவர்கள் தாமதிக்கக் கூடாது.

அரசுகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. பாலம் கட்ட டெண்டர் விடும்போது பராமரிப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறோம். மென்பொருள் வாங்கும்போது, விற்றவர் கை மாறினால் என்ன, நாம் வெளியேற எவ்வளவு செலவு என்ற கணக்கை எழுதாமலே கையெழுத்துப் போடுகிறோம். மக்கள் பணத்தில் ஓடும் எந்த அலுவலகமும், மருத்துவமனையும், பல்கலைக்கழகமும் வாங்கும் நாளிலேயே அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். நெதர்லாந்துக்காரர்களுக்கு நீதிமன்றம் அவகாசம் வாங்கித் தந்தது. எல்லா ஊரிலும் அப்படி ஒரு தீர்ப்பு வரும் என்று இருந்துவிட முடியாது.

நாள்கள் ஓடுகின்றன. ஹைப்பர்வைசரை உள்ளடக்கிய வி.எம்.வேரின் விஸ்பியர் தொகுப்பின் ஏழாம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்தது. அதில் இருந்தவர்கள் எட்டாம் பதிப்புக்குப் போக வேண்டும். அதற்குச் சந்தா வேண்டும். இல்லையென்றால் திருத்தங்கள் இல்லாமல் ஓட்ட வேண்டும். எட்டாம் பதிப்புக்கு 2027 அக்டோபர் வரை கெடு. ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட்டுக்கு ஹேக் நீதிமன்றம் தந்த இரண்டாண்டும் அந்த ஆண்டு நடுவில்தான் முடிகிறது. இன்னும் பட்டியல் போடத் தொடங்காத நிறுவனங்கள், எந்தெந்தக் கணினி எதற்காக எங்கே ஓடுகிறது என்ற முதல் பட்டியலை இந்த நிதியாண்டுக்குள் போட்டாக வேண்டும்.